கதவை மூடுவதா நியாயம்?

கோடைக் காலம். கொளுத்தும் வெயில். சாலை ஓரத்தில் ஒருவர் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். போவோர் வருவோர் எல்லாரும் வயிறு குளிரக் குடித்தார்கள். "மகராசன் நன்றாக இருக்கட்டும்!" என்று வாழ்த்தினார்கள்.

ஒரு நாள், கால் விளங்காத ஒருவர் தவழ்ந்து வந்தார். பானை உயரத்தில் இருந்தது. அவருக்கு எட்டவில்லை.

"ஐயா! எனக்கும் தாகம்தான். கீழே ஒரு பானை வைக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

பந்தல்காரர் என்ன செய்தார் தெரியுமா? பந்தலையே பிரித்துவிட்டார்!

"உமக்கு எட்டவில்லை என்றீர். இப்போது யாருக்கும் எட்டாது. எல்லாரும் சமம்! திருப்திதானே?" என்றார்.

அடுத்து வந்தவர்கள் தாகத்தால் தவித்தார்கள். அவர்கள் பந்தல்காரரைத் திட்டவில்லை. "உன்னால்தானே பந்தல் போயிற்று!" என்று, தவழ்ந்து வந்தவரைத் திட்டினார்கள்.

இது கதை. ஆனால், இதைப் போலவே ஒரு சம்பவம் உண்மையாக நடந்தது. நடந்த நாடு அமெரிக்கா. நடந்த இடம், உலகப் புகழ் பெற்ற ஒரு பல்கலைக்கழகம். பந்தலில் வைத்திருந்தது தண்ணீர் அல்ல, கல்வி!

வீடு தேடி வந்த பாடம்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா மாநிலம் இருக்கிறது. அங்கே பெர்க்லி என்பது ஒரு நகரம். அந்த நகரில் உள்ள பல்கலைக்கழகம் 1868-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அரசாங்கத்துப் பல்கலைக்கழகம். நோபல் பரிசு பெற்ற அறிஞர்கள் பலர் அங்கே பாடம் நடத்தி இருக்கிறார்கள்.

அங்கே இடம் கிடைப்பது எளிது அல்ல. கிடைத்தாலும் படிக்கப் பணம் வேண்டும்.

ஆனால், பல்கலைக்கழகம் ஒரு நல்ல காரியம் செய்தது. வகுப்பில் பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களைப் படம் பிடித்தது. பேச்சைப் பதிவு செய்தது. அவற்றை இன்டர்நெட்டில் இலவசமாக வெளியிட்டது. 2007-ம் ஆண்டு முதல், முழுப் பாடங்களையும் யூடியூப்பில் பார்க்க முடிந்தது.

கட்டணம் இல்லை. நுழைவுத் தேர்வு இல்லை. ஏழைப் பையனும் பார்க்கலாம்; அடுப்பங்கரை வேலை முடிந்ததும் அம்மாவும் பார்க்கலாம். அமெரிக்காவில் இருந்தாலும் பார்க்கலாம். அரியலூரில் இருந்தாலும் பார்க்கலாம்.

எவ்வளவு பெரிய தருமம்! அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

காது கேளாதவர் கேட்ட கேள்வி

அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டன். அங்கே கேலடெட் என்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. காது கேளாதவர்களுக்கு என்றே நடக்கும் பல்கலைக்கழகம் அது. 1864-ம் ஆண்டு, அது பட்டம் வழங்குவதற்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ஆபிரகாம் லிங்கன்.

அங்கே வேலை பார்த்த, காது கேளாத இருவர் பெர்க்லியின் இலவசப் பாடங்களைப் பார்த்தார்கள். திரையில் பேராசிரியரின் உதடு அசைந்தது. கை ஆடியது. அவர் என்ன சொல்கிறார் என்பதுதான் தெரியவில்லை!

சினிமாவில் அடியில் எழுத்து ஓடுமே, "சப்-டைட்டில்", அது பல பாடங்களில் இல்லை. சில பாடங்களில் இருந்தது. அது இயந்திரம் தானாக எழுதியது. பிழை மலிந்து கிடந்தது.

இயந்திரம் எழுதினால் என்ன ஆகும்? ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் "ஜீன்" என்றால், பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வரும் மரபணு. "ஜீன்ஸ்" என்றால் கால்சட்டை. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே ஒலிக்கும். பேராசிரியர் மரபணுவைப் பற்றிப் பேச, இயந்திரம் கால்சட்டை என்று எழுதிவிட்டால்? காது கேட்பவன் சிரித்துவிட்டுப் போவான். கேளாதவன் குழம்பி நிற்பான். அவனுக்கு அந்த எழுத்துதானே பாடம்!

"எல்லாருக்கும் இலவசம் என்கிறீர்களே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?" இதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. காது கேளாதோரின் தேசியச் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் நீதித்துறைக்குப் புகார் போயிற்று.

அந்த நாட்டில் 1990-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. உடல் குறையைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். அரசாங்கத்துப் பல்கலைக்கழகமும் அதற்குக் கட்டுப்பட்டது.

நீதித்துறை விசாரித்தது. 2016-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியது. "புகார் உண்மை. குறைகளைச் சரி செய்யுங்கள்" என்று சொன்னது.

கண் இல்லாதவர் படிப்பது எப்படி?

காது கேளாதவர்களுக்கு மட்டும் அல்ல, கண் தெரியாதவர்களுக்கும் அந்தப் பாடங்களில் தடை இருந்தது.

"கண் தெரியாதவர் கம்ப்யூட்டரைப் பார்ப்பாரா?" என்று சிலர் கேட்கலாம். பார்ப்பது இல்லை, கேட்கிறார்!

திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் இருக்கிறது. "என்.வி.டி.ஏ." என்பது அதில் ஒன்று. ஆஸ்திரேலியாவில், கண் பார்வை இல்லாத இரண்டு இளைஞர்கள் 2006-ம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு விலை கிடையாது. இன்று உலகம் எங்கும் பயன்படுகிறது.

அந்த மென்பொருள் எழுத்தைப் படிக்கும். ஆனால், எழுத்தைப் போட்டோ எடுத்து வைத்தால் அதற்குத் திகைப்புதான்! நமக்கு அது புத்தகத்தின் பக்கம். மென்பொருளுக்கு அது வெறும் படம். "படம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஊமையாகிவிடும். பாடம் முழுவதும் இருட்டு.

இதற்கு வைத்தியம் என்ன? பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

படம் போட்டால், அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுத வேண்டும். "இதயத்தின் படம்; இடப் பக்கம் இரண்டு அறை, வலப் பக்கம் இரண்டு அறை" என்று எழுதினால், கண் தெரியாத மாணவியும் அதைப் புரிந்துகொள்வாள்.

தலைப்பைத் தலைப்பு என்று கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போதுதான், நாம் பக்கம் புரட்டுவது போல அவரும் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போக முடியும்.

"இதோ பாருங்கள், இது அதைவிடப் பெரியது" என்று கரும்பலகையைக் காட்டிவிட்டுப் போகக் கூடாது. எது எதைவிடப் பெரியது என்று பேராசிரியர் வாயால் சொல்ல வேண்டும்.

வெள்ளைத் தாளில் வெளிர் மஞ்சள் எழுத்து போட்டால் யாருக்குத் தெரியும்? பார்வை மங்கியவர்களுக்காக எழுத்து பளிச்சென்று இருக்க வேண்டும்.

கை நடுங்குபவரால் "மவுஸ்" பிடிக்க முடியாது. தட்டச்சுப் பலகையை மட்டும் வைத்தே எல்லாவற்றையும் திறக்கும்படி அமைக்க வேண்டும்.

இவற்றுக்கு எல்லாம் உலகப் பொதுவான விதிமுறை இருக்கிறது. அது முதலில் வெளிவந்தது 1999-ம் ஆண்டில். ஆகவே, "எங்களுக்குத் தெரியாது" என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்ல முடியாது.

மறைந்த 20 ஆயிரம் பாடங்கள்

கடிதம் கிடைத்ததும் பெர்க்லி என்ன செய்தது?

2017-ம் ஆண்டு மார்ச் மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடங்களைப் பொதுமக்கள் பார்வையில் இருந்து எடுத்துவிட்டது! பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் உள்ளே நுழைந்து பார்க்கலாம். மற்றவர்களுக்குக் கதவு மூடப்பட்டது.

"பழைய பாடங்களைச் சரி செய்யப் பணம் ஏராளமாக ஆகும். இனிப் புதிதாகச் செய்பவற்றை ஒழுங்காகச் செய்வோம்" என்பது பல்கலைக்கழகம் சொன்ன சமாதானம். பேராசிரியர்களின் பாடங்களைப் பிறர் திருடாமல் காக்க வேண்டும் என்றும் ஒரு காரணம் சொன்னது.

பல ஆண்டுகள் சேர்த்து வைத்த அறிவுச் செல்வம்! அழிந்துவிடுமோ என்று பலர் பதறினார்கள். ஒரு நிறுவனம் அவசர அவசரமாக 20 ஆயிரம் பாடங்களையும் நகல் எடுத்து வைத்தது.

நகல் எடுத்தது நல்லதுதான். ஆனால், அந்த நகலிலும் சப்-டைட்டில் எங்கே? கேட்டவர்களுக்கு அப்போதும் கிடைக்கவில்லை!

யார் மீது பழி?

அப்போது பலர் கோபப்பட்டார்கள். யார் மீது? புகார் கொடுத்த காது கேளாதவர்கள் மீது!

"ஒரு சிலருக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக, உலகத்துக்கே இல்லாமல் செய்துவிட்டார்களே!" என்றார்கள்.

இது சரியா? சற்று நிதானமாக யோசியுங்கள்.

புகார் கொடுத்தவர்கள் "மூடுங்கள்" என்று சொல்லவில்லை. "எங்களுக்கும் திறங்கள்" என்றுதான் சொன்னார்கள். மூடியது பல்கலைக்கழகம். பழி மட்டும் கேட்டவர் தலையிலா?

இன்னொன்றையும் பாருங்கள். பந்தியில் பத்துப் பேர் சாப்பிடுகிறார்கள். ஒருவர் இலையில் மட்டும் சோறு இல்லை. அவர், "எனக்கு?" என்று கேட்கிறார். அவர் கேட்டது குற்றமா? கேட்கும் வரைக்கும் அவர் இலையைப் பார்க்காமல் பரிமாறியது குற்றமா?

அதே இடத்தில் நடந்த அதிசயம்

வேதனை என்னவென்றால், இது நடந்தது பெர்க்லியில். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு உலகத்துக்கே வழி காட்டிய ஊர் அது!

எட்வர்டு ராபர்ட்ஸ் என்று ஒரு சிறுவன். 14 வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று. இரும்புக் கூண்டு போன்ற ஒரு மூச்சுக் கருவிக்குள் படுத்துத்தான் இரவில் தூங்க முடியும்.

ஆனாலும் படித்தான். பள்ளி இறுதியில் ஒரு சிக்கல். உடற்பயிற்சி வகுப்பும் கார் ஓட்டும் வகுப்பும் முடிக்கவில்லை என்று சான்றிதழ் தர மறுத்தார்கள்! கை கால் அசையாத பையன் கார் ஓட்ட வேண்டுமாம்! அவனுடைய தாயார் விடவில்லை. போராடிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தார்.

மறுவாழ்வுத் துறையிடம் படிப்புக்கு உதவி கேட்டார் ராபர்ட்ஸ். "இவருடைய உடல் இருக்கும் நிலையில் எந்த வேலையும் பார்க்க முடியாது. இவருக்குச் செலவு செய்வது வீண்" என்று முதலில் கையை விரித்தார்கள்.

1962-ம் ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய மூச்சுக் கருவியை விடுதியில் வைக்க வழி இல்லை. பல்கலைக்கழகம் என்ன செய்தது? கதவை மூடவில்லை! தன்னுடைய ஆஸ்பத்திரியிலேயே அவருக்கு அறை கொடுத்தது. அங்கே தங்கிப் படித்தார். பி.ஏ. வாங்கினார், எம்.ஏ. வாங்கினார்.

அவரைப் பார்த்து மேலும் பலர் சக்கர நாற்காலியில் படிக்க வந்தார்கள். 1972-ம் ஆண்டு, பிறர் தயவு இன்றி மாற்றுத்திறனாளிகள் வாழ உதவும் நிலையம் அந்த ஊரில் பிறந்தது. அதைப் பார்த்து உலகின் பல நாடுகளில் அத்தகைய நிலையங்கள் தோன்றின.

1975-ம் ஆண்டு நடந்ததுதான் அதிசயம். "எந்த வேலையும் பார்க்க முடியாது" என்று ராபர்ட்சை ஒதுக்கிய அதே மறுவாழ்வுத் துறைக்கு, அவரே தலைவரானார்! 1995-ம் ஆண்டு அவர் மறைந்தார்.

ஒரு மாணவனுக்காக ஆஸ்பத்திரி அறையைத் திறந்துவிட்ட பல்கலைக்கழகம், 55 ஆண்டுகள் கழித்து, சப்-டைட்டில் போடுவதற்குப் பயந்து கதவை மூடியது. இதை என்னவென்று சொல்வது!

சாய்வுப் பாதை சொல்லும் பாடம்

பெர்க்லி ஊரின் நடைபாதைகளிலும் ஒரு பாடம் இருக்கிறது.

1970-களின் தொடக்கத்தில், அங்கே நடைபாதை முனைகளை வெட்டிச் சாய்வாக அமைத்தார்கள். சக்கர நாற்காலிக்காரர்கள் கேட்டதால் அமைத்தது. ஆனால், பயன் அடைந்தவர்கள் யார்? குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் தாய். பெட்டி இழுத்துச் செல்லும் பயணி. சாமான் வண்டி தள்ளும் தொழிலாளி. முழங்கால் வலிக்கும் பாட்டி. எல்லாருக்கும் அது சுகமாகிவிட்டது!

சப்-டைட்டிலும் அப்படித்தான். காது கேளாதவருக்காகப் போடுகிறோம். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த மாணவன் அதைப் படித்துப் பாடத்தைப் புரிந்துகொள்கிறான். குழந்தை தூங்கும் வீட்டில், சத்தத்தைக் குறைத்துவிட்டு அம்மா படிக்கிறாள். பஸ் இரைச்சலில் போகும் இளைஞன் படிக்கிறான். "அந்த வார்த்தை எங்கே வந்தது?" என்று தேடினால் நொடியில் கிடைக்கிறது.

ஆகவே, இது ஒரு சிலருக்குச் செய்யும் தயவு அல்ல. எல்லாருக்கும் ஆகும் நன்மை.

பணத்துக்கு எங்கே போவது?

"பேசுவது சுலபம். 20 ஆயிரம் பாடங்களுக்கு யார் பணம் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல்கலைக்கழகத்தின் கஷ்டத்தையும் நாம் மறைக்கக் கூடாது. ஒரு மணி நேரப் பேச்சைப் பிழை இல்லாமல் எழுத்தில் கொண்டுவர ஒருவர் பல மணி நேரம் உட்கார வேண்டும். 20 ஆயிரத்துக்கும் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும்.

ஆனால், அந்தச் சட்டமே ஒரு வழி விட்டிருக்கிறது. தாங்க முடியாத சுமையை யாரும் சுமக்கத் தேவை இல்லை என்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. அதிகம் பேர் பார்க்கும் பாடங்களை முதலில் செய்யலாம். யாராவது கேட்கும் பாடத்தை அடுத்துச் செய்யலாம். மற்றவற்றைப் படிப்படியாகச் செய்யலாம். மூடுவது ஒன்றுதான் வழி என்பதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

சுமை ஏன் மலையானது? முதலில் இருந்தே செய்யாததால்! வீடு கட்டும்போதே சாய்வுப் பாதை வைத்தால் இரண்டு மூட்டை சிமெண்டு அதிகம் ஆகும். கட்டி முடித்த பிறகு வைத்தால் படியை இடிக்க வேண்டும்; சுவரை உடைக்க வேண்டும். அதைப் போல, பாடம் தயாரிக்கும் அன்றே எழுத்தையும் சேர்த்தால் வேலை கொஞ்சம். ஆண்டுக்கணக்கில் குவித்துவிட்டுச் செய்தால் வேலை மலை!

இன்று இயந்திரமும் முன்னேறி இருக்கிறது. முதல் எழுத்தை இயந்திரம் எழுதட்டும். பாடம் தெரிந்த ஒருவர் அதைப் படித்துத் திருத்தட்டும். செலவு குறையும். ஆனால், திருத்த ஆள் இல்லாமல் விட்டால், மறுபடியும் மரபணு கால்சட்டை ஆகிவிடும்!

ஹார்வர்டு, எம்.ஐ.டி. என்ற புகழ் பெற்ற இரண்டு நிறுவனங்கள் மீதும் இதே குறைக்காக 2015-ம் ஆண்டு வழக்குப் போட்டார்கள். அவர்களும் உடனே இணங்கவில்லை. நீதிமன்றத்தில் வாதாடினார்கள். கடைசியில், 2019 நவம்பரில் ஹார்வர்டும், 2020 பிப்ரவரியில் எம்.ஐ.டி.யும் சப்-டைட்டில் போடுவதாக ஒப்புக்கொண்டன. முடியும் என்று ஆகிவிட்டது அல்லவா?

பெர்க்லியும் இறங்கி வந்தது. 2022-ம் ஆண்டு நவம்பரில் நீதித்துறையோடு உடன்பாடு ஏற்பட்டது. "இனி வெளியிடும் பாடங்களையும், இப்போது இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவற்றையும் எல்லாரும் பயன்படுத்தும்படி அமைப்போம், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்போம், இதற்கென்றே ஒரு பொறுப்பாளரை வைப்போம், வெளியாளைக் கொண்டு சோதிப்போம்" என்று ஏற்றுக்கொண்டது.

கடிதம் வந்தது 2016-ல். உடன்பாடு வந்தது 2022-ல். இடையில் 6 ஆண்டு! படிக்கும் வயதில் 6 ஆண்டு என்பது சாதாரணமா?

நமக்கும் உண்டு பொறுப்பு

"அமெரிக்கா கதை நமக்கு எதற்கு?" என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள்.

நம் நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருப்பதாக 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு சொல்கிறது. நமக்கும் 2016-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒலி, அச்சு, மின்னணு ஆகிய எல்லாவற்றிலும் வெளிவருபவை மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி இருக்க அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதி இருக்கிறது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. கேட்க ஆள் வேண்டும்.

உங்கள் பிள்ளை கல்லூரியில் படிக்கிறானா? அவன் வகுப்பில், கண் தெரியாத தோழன் ஒருவன் இருக்கலாம். ஆசிரியர் அனுப்பும் பாடக் குறிப்பு அவனுக்கு எட்டுகிறதா என்று உங்கள் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். "நான் படித்துக் காட்டுகிறேன்" என்பது நட்பு. "சார், இவனும் படிக்கும்படி அனுப்புங்கள்" என்பது நியாயம். நட்பும் வேண்டும், நியாயமும் வேண்டும்.

கல்லூரி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாராவது புகார் கொடுத்தால் அவரைப் பகைவராக எண்ணாதீர்கள். உங்கள் பாடத்தை விரும்பித்தான் அவர் வாசலில் நிற்கிறார். விரும்பாதவர் கேட்கவே மாட்டார், பேசாமல் போய்விடுவார்.

தண்ணீர்ப் பந்தல் வைப்பவரை ஊர் வாழ்த்தும். கீழேயும் ஒரு பானை வைப்பவரைத் தவழ்ந்து வந்தவரும் வாழ்த்துவார். ஒருவருக்கு எட்டவில்லை என்றால், செய்ய வேண்டியது இன்னொரு பானை வைப்பது.

பந்தலைப் பிரிப்பது அல்ல!